டாம் பிரேடியை 199-ஆவது இடம் வரை ஏன் யாரும் எடுக்கவில்லை?

பின்னாளில் ஏழு சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து லீக்கின் இறுதிப்போட்டி) வென்றவரை, கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் 2000 டிராஃப்டில் எல்லா அணிகளும் எப்படிக் கோட்டை விட்டன என்று கேட்டிருக்கிறீர்கள். அவருக்கு முன்பே, அவரைப் போலப் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போய்விட்டார்கள். காரணம், அளந்து பார்க்க முடிந்ததில் எல்லாம் பிரேடி சுமார்தான். ஒல்லியான உடம்பு, 40 கெஜ ஓட்டத்துக்கு 5.28 விநாடி. மிச்சிகன் பல்கலைக்கழக அணியில் கடைசி வருடம்கூட சக குவார்ட்டர்பேக் ட்ரூ ஹென்சனோடு இடத்தைப் பங்கு போட வேண்டியிருந்தது.

ஆனால் அந்த ஜனவரியில் நடந்த ஆரஞ்சு பவுல் என்ற கல்லூரி ஆட்டத்தைப் பாருங்கள். அலபாமாவிடம் இரண்டு முறை 14 புள்ளி பின்தங்கிய மிச்சிகன், கூடுதல் நேரத்தில் 35-34 என்று ஜெயித்தது. பிரேடி எறிந்தது 369 கெஜம், நான்கு டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் பந்தைச் சேர்ப்பது). பதறவே இல்லை. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? சிறுவயதில் அவர் நேசித்த சான் பிரான்சிஸ்கோ 49ர்ஸ் அணிகூட மூன்றாவது சுற்றில் ஜியோவானி கார்மாசி என்ற குவார்ட்டர்பேக்கைத்தான் எடுத்தது. கார்மாசி ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை.

அதற்காக, கடைசியில் பிரேடியை எடுத்த நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியை மேதைகள் என்று சொல்ல மாட்டேன். அவர்களும் ஐந்து சுற்று அவரைத் தாண்டிப் போனவர்கள்தான். 2001-இல் அவர்களுடைய முதன்மைக் குவார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்சோ காயமடைந்த பிறகுதான் பிரேடிக்கு இடமே கிடைத்தது.