வசதியாக வாழும் விசுவாசியின் குற்றவுணர்வு குறித்து

சகோதரரே, விசுவாசத்துக்காகச் சிலர் சிறையில் வாடும்போது, தடையின்றி ஆலயம் சென்று பதவி உயர்வுக்காக ஜெபிக்கும் உங்கள் விசுவாசம் போலியோ என்று கேட்டிருக்கிறீர்கள். பாடுபடாதது பாவமன்று, ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகும்படி இயேசுவே சொல்லியிருக்கிறார்.

கி.பி. 250-இல், அனைவரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டுமென்று ரோமப் பேரரசன் டேசியஸ் ஆணையிட்டபோது, வட ஆப்பிரிக்க நகரான கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் ஒளிந்துகொண்டார். அதற்காக அவரைப் பழித்தவர்களும் உண்டு. ஆயினும் மறைவிடத்திலிருந்தே கடிதங்கள் எழுதி, சிறையிலிருந்தோருக்கும் ஏழைகளுக்கும் உதவி கிடைக்கச் செய்தார். பின்னர் துன்புறுத்தல் தணிந்திருந்தபோது, அண்டைப் பகுதியான நுமிதியாவில் சிறைபிடிக்கப்பட்ட விசுவாசிகளை மீட்க, அவருடைய சபை ஒரு லட்சம் செஸ்டர்ஸ் நாணயங்கள் திரட்டி அனுப்பியது. 258-இல் அவரே தலைவெட்டப்பட்டு மரித்தார் என்றாலும், பணம் திரட்டிய அந்த அமைதிக் காலமே உங்கள் கேள்விக்கு அதிகம் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது.

கட்டப்பட்டிருப்பவர்களோடு நாமும் கட்டப்பட்டவர்களைப்போல அவர்களை நினைக்கும்படி எபிரெயர் 13:3 சொல்கிறதே தவிர, குற்றவுணர்வில் உழலச் சொல்லவில்லை. ஆகவே பொதுப்படையாக அன்றி, குறிப்பிட்ட ஒரு நாட்டின் சபைக்காக ஜெபியுங்கள். சிறைப்பட்டோரின் குடும்பங்களைத் தாங்கும் நம்பகமான அமைப்புக்கு மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். பிற மதத்தினர் ஒடுக்கப்படும்போதும் வாய் திறவுங்கள். அலுவலகத்தில் யாரோ கேலி செய்ததைத் துன்புறுத்தல் என்று சாட்சி சொல்லும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு, அதை விட்டுவிடலாம்.