ஒரு இன்னிங்ஸ் வீசுபவருக்கு இவ்வளவு விலையா?

வாசகர் கேள்வி: இரண்டு வருடமாக மேஜர் லீக் பேஸ்பால் பார்க்கிறேன். ஜூலை கடைசி வந்தால், ஒரு இன்னிங்ஸ் (ஆட்டத்தின் ஒன்பது சுற்றுகளில் ஒன்று) மட்டும் வீசும் ரிலீவருக்காக, அதாவது ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து வீசுபவருக்காக, அணிகள் நல்ல இளம் வீரர்களைக் கொடுத்துவிடுகின்றன. இது சரியான வியாபாரமா, எப்படிக் கணிப்பது?

சேவ், அதாவது அணியின் முன்னிலையைக் கடைசிவரை காத்துக்கொடுத்த ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். வருகிறவரின் ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்று முதலில் பாருங்கள். பாதிக் கணக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

2016 ஜூலையில் நியூயார்க் யாங்கீஸ் அணி தன் இரண்டு இடதுகை ரிலீவர்களை விற்றது. அரோல்டிஸ் சாப்மன் சிகாகோ கப்ஸ் அணிக்குப் போனார். அந்த சீசனோடு அவர் ஒப்பந்தம் முடிகிறது, ஆக மூன்று மாத வேலைதான். அதற்காகக் கப்ஸ் கொடுத்த நால்வரில் 19 வயது கிளெய்பர் டோரஸும் ஒருவர். ஆண்ட்ரூ மில்லர் கிளீவ்லாந்துக்குப் போனார். அவருக்கு 2018 வரை ஒப்பந்தம் இருந்தது. அந்த வருட ப்ளேஆஃபில் (கோப்பைக்கான இறுதிச் சுற்றுகள்) 10 ஆட்டங்களில் 19 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 30 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்தார். ஐந்தாவது இன்னிங்ஸிலேயே அவரைக் கொண்டுவந்த ஆட்டமும் உண்டு.

விலை ஏறும் காரணமே இதுதான். ப்ளேஆஃபில் இடையிடையே ஓய்வு நாள் இருப்பதால் நல்ல ரிலீவரை அடிக்கடி இறக்கலாம். சீசன் முழுக்க 60, 70 இன்னிங்ஸ் வீசுபவர், அந்த ஒரு மாதத்தில் மட்டும் ஆட்டத்தின் மையத்துக்கு வந்துவிடுகிறார். அப்புறம் இன்னொன்று: ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு இடையே நிற்கும் ஃபீல்டர்) ஏற்கெனவே இருக்கும் அணிக்கு இன்னொரு ஷார்ட்ஸ்டாப் தேவைப்படாது. ரிலீவர் வேண்டாம் என்று எந்த அணியும் சொல்லாது. 2022 முதல் 12 அணிகள் ப்ளேஆஃபுக்குப் போவதால் வாங்க வருகிறவர்களும் கூடிவிட்டார்கள்.

சரி, ஆளைக் கணிப்பது எப்படி? இவ்வளவு குறைந்த இன்னிங்ஸில் ஒரு மோசமான இரவே, ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற சராசரியைக் கெடுத்துவிடும். அதனால் எத்தனை பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்கிறார், எத்தனை பேருக்கு வாக் (நான்கு தவறான பந்துகளால் முதல் பேஸை இலவசமாகத் தருவது) கொடுக்கிறார் என்று பாருங்கள். பந்தின் வேகம் ஏப்ரலில் இருந்த அளவிலேயே ஜூலையிலும் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

அப்படியும் தவறலாம். 2025இல் மெட்ஸ் அணி, சீசனோடு ஒப்பந்தம் முடியும் ரிலீவர் ரயன் ஹெல்ஸ்லியை மூன்று இளைஞர்களைக் கொடுத்து வாங்கியது. அங்கே அவர் ரன் சராசரி 7-ஐத் தாண்டியது. மெட்ஸ் 83 வெற்றியோடு சின்சினாட்டிக்குச் சமமாக நின்றும் ப்ளேஆஃபைத் தவறவிட்டது. அதே வாரத்தில் ஃபிலடெல்ஃபியா வாங்கிய ரிலீவர் ஜோவான் டுரான் 2027 வரை அவர்களிடம் இருப்பார். அதுதான் என் கண்ணுக்கு நல்ல வியாபாரம். இன்னொரு ரிலீவர் மேசன் மில்லருக்காக சான் டியேகோ 18 வயது லியோ டி வ்ரீஸையே கொடுத்தது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது, மில்லர் 2029 வரை அவர்களிடம் இருப்பார் என்றாலும்.

கப்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். 2016 இறுதித் தொடரில் (வேர்ல்ட் சீரிஸ்) ஏழாவது, கடைசி ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில், தொடர்ந்து வீசிக் களைத்திருந்த சாப்மனின் பந்தை கிளீவ்லாந்தின் ரஜாய் டேவிஸ் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். ஆனாலும் பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் 8-7 என்று வென்றது, 1908க்குப் பிறகு முதல் கோப்பை. டிசம்பரில் சாப்மன் யாங்கீஸுக்கே திரும்பினார். டோரஸ் 2018இல் ஆல்-ஸ்டார் ஆனார். அந்த விலையை இன்று கேட்டாலும் நான் கொடுப்பேன்.