புரட்சி நடந்த நகரத்தின் அரசியல் சுவரோவியங்களை எப்படிப் பதிவு செய்வது? படம் எடுத்து வைத்தால் போதாதா?

போதாது. நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

2011 அக்டோபரில் வேலை நிமித்தம் எகிப்தின் தலைநகர் கெய்ரோவுக்குப் போனேன். ஒரு கட்டுமான நிறுவனத்தின் கணக்குப் பிரிவு. புரட்சியால் அதிபர் முபாரக் பதவி விலகி எட்டு மாதம் ஆகியிருந்தது. ராணுவக் கவுன்சில்தான் ஆட்சி. வெள்ளிக்கிழமை தோறும் போராட்டத்தின் மையமான தஹ்ரீர் சதுக்கத்தில் கூட்டம் இருக்கும். அதனால் சனிக்கிழமை காலையில் கேமராவுடன் கிளம்புவேன். 2013 கடைசியில் ஊர் திரும்பும்போது கையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். சில வருடங்கள் கழித்து உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோது, இது எங்கே, எப்போது, எதற்கு எதிரே என்று உறுதியாகச் சொல்ல முடிந்தவை முந்நூறு தேறின. மற்றவை அழகான படங்கள், அவ்வளவுதான்.

காரணம் என் ரசனை. மின்சாரப் பெட்டி, கிழிந்த தேர்தல் சுவரொட்டி, நிறுத்தியிருந்த கார், குப்பை எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிட்டு ஓவியத்தை மட்டும் சட்டத்துக்குள் அடைத்திருந்தேன். இடத்தைக் காட்டிக் கொடுத்திருக்கக்கூடியவை நான் வெட்டித் தள்ளிய அந்தப் பொருள்கள்தான்.

ஒரு உதாரணம். போராட்டக்காரர்கள் உள்துறை அமைச்சகத்தை நெருங்காமல் இருக்க, தஹ்ரீரைச் சுற்றியிருந்த தெருக்களை ராணுவம் பெரிய கான்கிரீட் கட்டைகளை அடுக்கி அடைத்துவிட்டது. 2012 மார்ச்சில் ஓவியர்கள் அந்தக் கட்டைகளின் மேல், அடைபட்ட தெரு தொடர்ந்து போவதுபோலவே வரைந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தெரு திறந்திருக்கிறது. கிட்டே போனால் சுவர். ஷேக் ரைஹான் தெருவில் இருந்ததை நான் கிட்டே போய், கட்டைகளின் விளிம்பு தெரியாதபடி எடுத்து வைத்திருக்கிறேன். இன்று அதைப் பார்க்கிறவருக்கு யாரோ ஒரு தெருவைச் சுமாராக வரைந்திருக்கிறார் என்றுதான் தோன்றும். இருபது அடி பின்னால் நகர்ந்திருந்தால் அந்த நையாண்டி முழுவதும் படத்துக்குள் வந்திருக்கும்.

இரண்டாவது தவறு, ஒருமுறை எடுத்த இடத்துக்குத் திரும்பப் போகாதது. 'இதுதான் எடுத்தாயிற்றே' என்ற நினைப்பு. கெய்ரோவின் சுவர்களில் படத்தைவிடப் படத்துக்கு வந்த பதில்கள் முக்கியம். ஸமாலெக் பகுதியில் அக்டோபர் 6 பாலத்தின் அடியில் இருந்த ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 மே மாதம் கன்ஸீர் என்ற பெயரில் இயங்கும் ஓவியரும் நண்பர்களும் வரைந்தது. ஒரு பக்கம் பீரங்கி வண்டி. எதிரே தலையில் ரொட்டித் தட்டைச் சுமந்தபடி சைக்கிளில் வரும் ஒருவர். பின்னால் யாரோ ஒரு சோகமான பாண்டாக் கரடியைச் சேர்த்தார்கள். அக்டோபரில் அரசுத் தொலைக்காட்சிக் கட்டடம் இருக்கும் மாஸ்பெரோவில் ராணுவ வாகனங்கள் கூட்டத்துக்குள் புகுந்து ஆட்களை நசுக்கியதற்குப் பிறகு, பீரங்கியின் சக்கரங்களுக்கு அடியில் ரத்தமும் உடல்களும் வரையப்பட்டன. 2012 ஜனவரியில் ராணுவ ஆதரவாளர்கள் அவற்றை மட்டும் பெயின்ட் அடித்து மறைத்தார்கள், பீரங்கியை விட்டுவிட்டார்கள். அடுத்து வந்தவர்கள் சீருடை போட்ட ஒரு பூதம் மனிதரைத் தின்பதுபோல வரைந்தார்கள். ஒரே சுவர், ஒரு வருடம்கூட ஆகவில்லை, இத்தனை வாக்குவாதம். என்னிடம் இருப்பது கடைசிக் கட்டத்தின் ஒரே ஒரு படம். ஒரு விவாதத்தின் கடைசி வாக்கியத்தை மட்டும் எழுதி வைத்ததுபோல.

அழித்தவர்கள் எல்லாம் எதிரிகள் என்றும் நினைத்துவிட வேண்டாம். தஹ்ரீரிலிருந்து அப்போது உள்துறை அமைச்சகம் இருந்த பக்கமாகப் போவது முகமது மஹ்மூத் தெரு. (1928-இல் பிரதமரான, இரும்புக் கை என்று பெயரெடுத்த ஒருவரின் பெயர் அதற்கு. வரலாற்றுக்கு நக்கல் அதிகம்.) 2011 நவம்பர் 19-இல் தொடங்கிய மோதலில் அங்கே நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரவைக் குண்டுகளால் பலருக்குக் கண் போனதால், 'சுதந்திரத்தின் கண்கள் தெரு' என்று மக்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். 2012 பிப்ரவரி 1-ஆம் தேதி போர்ட் சயீத் கால்பந்து மைதானத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட ரசிகர்கள் கொல்லப்பட்டபோது, லக்ஸர் நுண்கலைக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்த அம்மார் அபூ பக்ரும் அலா அவத்தும் வந்து, அந்தத் தெருவோரம் இருந்த கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சுவரில் வாரக்கணக்கில் வரைந்தார்கள். அம்மார், சிறகு முளைத்த இளைஞர்களின் முகங்களை வரைந்தார். அலா பழைய எகிப்தியக் கல்லறை ஓவியங்களின் பாணியில் ஒப்பாரி வைக்கும் பெண்களை வரைந்தார். மூன்று மாதம் கழித்து, அதிபர் தேர்தல் நெருங்கும் நேரத்தில், அந்த முகங்களில் சிலவற்றின் மேல் வண்ணம் பூசி மறைத்தவர் அம்மாரேதான். அங்கே மகன்களின் படத்தை ஏந்தி நிற்கும் தாய்மார்கள் வந்தார்கள். போனதை மறந்து தேர்தலின் பின்னால் போங்கள் என்று கசப்பான கிண்டலும் கூடவே இருந்தது. அழித்ததே அங்கே ஓவியத்தின் ஒரு பகுதி. முந்தைய முகங்களை நான் எடுத்திருந்தேன், தாய்மார்களையும் எடுத்திருந்தேன். ஆனால் எந்த முகத்தின் மேல் எந்தத் தாய் என்று பொருத்திப் பார்க்க வழியில்லை. ஒவ்வொன்றும் வேறு கோணம், வேறு தூரம்.

எனவே முதலில் நிற்கும் இடத்தைத் தீர்மானியுங்கள். ஒரு விளக்குக் கம்பம், ஒரு கதவு, நடைபாதையின் உடைந்த ஓரம், எதுவாக இருந்தாலும் சரி. ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்து முழுச் சுவரையும் ஒரு படம். பிறகு பின்னால் திரும்பி எதிர்ப்பக்கத்தையும் ஒரு படம். அந்த ஓவியம் யாரைப் பார்த்து முறைத்துக்கொண்டிருக்கிறது என்று அதில்தான் தெரியும். அதன் பிறகு கிட்டே போய் உங்கள் ரசனையைத் தீர்த்துக்கொள்ளலாம். கேமராவின் தேதி சரியாக இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். என் கேமரா பேட்டரி மாற்றும்போதெல்லாம் பழைய ஆண்டுக்குப் போய்விடும். இரண்டு மாதப் படங்கள் புரட்சிக்கு முன்பே எடுத்தவைபோல இருக்கின்றன.

அடுத்து எழுத்து. ஓவியத்தைப் பார்த்து மயங்கிப் பக்கத்தில் கிறுக்கியிருப்பதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், நான் உட்பட. 2012-இல் தஹ்ரீர் முனையில் ஒரு முகம் இருந்தது. ஒமர் ஃபத்ஹி என்ற இளைஞர் வரைந்தது. பாதி முபாரக், பாதி ராணுவக் கவுன்சில் தலைவர் தன்தாவி. கூடவே ஒரு வரி. அரபியைத் தட்டுத் தடுமாறிப் படிப்பேன் என்பதால் நோட்டில் தமிழில் எழுதி வைத்தேன்: 'இல்லி கல்லிஃப் மா மாத்ஷ்'. அலுவலகத்தில் அருகில் உட்கார்ந்திருந்தவரிடம் வாசித்துக் காட்டினேன். "பிள்ளை பெற்றவனுக்குச் சாவில்லை. எங்கள் பழமொழி" என்றார். சரி என்று எழுதிக்கொண்டேன். மறுநாள் படத்தைப் பார்த்துவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பழமொழியில் இருப்பது தொண்டையை உரசிக்கொண்டு வரும் 'க'. சுவரில் இருந்தது சாதாரண 'க'. அந்த ஓர் எழுத்தை மாற்றியதில் 'பெற்றவன்' போய், 'பொறுப்பை ஒப்படைத்தவன்' ஆகிவிட்டது. ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனவனுக்குச் சாவில்லை! நம் எழுத்தில் இரண்டும் ஒரே 'க' என்பதால் என் நோட்டில் நகைச்சுவை செத்தே பிறந்தது. எழுத்தை அந்த மொழியின் எழுத்திலேயே, பிழை இருந்தால் பிழையோடு, எழுதி வையுங்கள். படிக்கத் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரை அதே வாரம் கேளுங்கள்; ஆறு மாதம் போனால் அவருக்கே அந்தக் கிண்டலின் சூடு ஆறிவிடும். தேர்தல் வந்தபோது அதே முகத்துக்குப் பின்னால் வேட்பாளர்களாக நின்ற, முபாரக்கின் பழைய அமைச்சர்கள் அம்ரு மூசாவின் முகமும் அஹ்மத் ஷஃபீக்கின் முகமும் முளைத்தன. அந்தப் பழமொழி தெரியாதவருக்கு அது நாலு கிழவர்களின் படம்.

வெள்ளையடித்த சுவரையும் எடுங்கள். 2012 செப்டம்பரில் ஓர் இரவு, போலீஸ் காவலுடன் ஆட்கள் வந்து முகமது மஹ்மூத் தெருவின் சுவரைப் பூசி மறைத்தார்கள். கண்டனம் பலமாக எழவே பிரதமரே அதைக் குறை சொல்ல வேண்டியதாயிற்று. உடனேயே அங்கே நாக்கை நீட்டும் ஒரு முகம் வந்தது: இன்னும் அழி, கோழை அரசே என்று. அந்த முகம் வருவதற்கு முன்பே நான் போய் இறங்கியபோது சுவர் பளிச்சென்று இருந்தது. எரிச்சலோடு ஒரே ஒரு படம் எடுத்தேன், கோணலாக. இன்றுவரை ஆராய்ச்சி மாணவர்கள் என்னிடம் விரும்பிக் கேட்கும் படம் அதுதான். ஓவியங்களை எல்லோரும் எடுத்திருந்தார்கள். வெறுஞ்சுவரை எடுத்தவர்கள் குறைவு.

வெளிநாட்டுக்காரர் கேமராவுடன் திரிவது எப்போதும் வேடிக்கையாக இருக்கவில்லை. 2012 ஜூனில் அரசுத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வந்தது. காபிக் கடையில் வெளிநாட்டவர் ஒருவர் இளைஞர்களோடு சிநேகமாகப் பேசி ஒற்று வேலை பார்ப்பார். ஒவ்வொரு சொல்லுக்கும் விலை உண்டு என்று எச்சரிக்கை. விமர்சனம் வந்து நிறுத்தினார்கள். ஆனால் தெருவில் அது வேலை செய்துவிட்டது. "எதற்காக எடுக்கிறாய்?" என்று இருமுறை சூழ்ந்துகொண்டார்கள். இந்தியன் என்றதும், "அமிதாப் பச்சன்!" என்று ஒருவர் கத்தியதில் தப்பினேன். இதை ஒரு வழிமுறையாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். முனைக்கடையில் தினமும் தேநீர் குடித்து முகம் பழகியிருந்தது நிஜமாகவே உதவியது. எந்தப் படம் எந்த இரவில் மாறியது என்பதும் கடைக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். அங்கே சித்திரம் போய், போய், திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில், 2015-இல், பல்கலைக்கழகம் தன் வளாகத்தை மாற்றியமைக்கும்போது அந்தச் சுவரின் ஒரு பகுதியையே இடித்துவிட்டார்கள். இனி எவரும் போய்ச் சரிபார்க்க முடியாது. ஒருவர் படம் மட்டும் போதாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. மொசிரீன் என்ற கெய்ரோ வீடியோக் குழு 2018 ஜனவரியில், 858 மணி நேரம் ஓடும் புரட்சிக் காலத்து வீடியோக்களை இணையத்தில் போட்டபோது, என் படங்களில் சிலவற்றின் இடத்தை அவற்றின் பின்னணியை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

நீங்களும் வெளியிடுவீர்கள் என்றால் ஒன்று. என் தொகுப்பிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன், காசு வாங்கியதில்லை. பதினோரு படங்களை மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை. இணையத்தோடு இணைக்காத ஒரு வட்டில் தனியாக இருக்கின்றன. அவற்றில் வரைகிறவர்கள் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.