மூன்று கிட்டார், ஒரு மேடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆல்பர்ட் காலின்ஸ், ஜானி கோப்லாண்ட், ராபர்ட் கிரே மூவரும் சேர்ந்து வாசித்த ‘ஷோடவுன்!’ ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, வயதான கிட்டார்காரர்கள் மூவர் ஒரு ப்ளூஸ் குழு தொடங்கினோம். தனித்தனியே நன்றாகத்தான் வாசிக்கிறோம். சேர்ந்தால் சந்தைக்கடை. எங்கே தப்பு?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

1985இல் சிகாகோவின் அலிகேட்டர் நிறுவனம் வெளியிட்ட அந்த ஆல்பத்தை இன்னொரு முறை கேளுங்கள், இந்த முறை கிட்டாரை விட்டுவிட்டு. பேஸ் வாசிக்கும் ஜானி பி. கேடனும் டிரம்ஸ் வாசிக்கும் கேஸி ஜோன்ஸும் காலின்ஸோடு வாசித்துப் பழகியவர்கள். அடித்தளம் அசையாததால்தான் மேலே மூவர் விளையாட முடிகிறது.

உங்கள் சந்தைக்கடைக்குக் காரணம் பெரும்பாலும் தடித்த ஸ்ட்ரிங்குகள்தான். மூவரும் அங்கேயே ஷஃபிள் (ப்ளூஸின் துள்ளல் தாள நடை) வாசித்தால் பேஸோடு மோதிக் குழம்பிவிடும். ஷஃபிள் ஒருவருக்கு மட்டும். இரண்டாமவர் மெல்லிய மூன்று ஸ்ட்ரிங்கோடு நிற்கட்டும். ஏ ஸ்கேல் என்றால், ஒரே விரலை மூன்றின் மீதும் படுக்கவைத்து 12ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தில் உள்ள உலோகக் கட்டு) ஏ9, 5இல் டி9, 7இல் ஈ9 கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) கிடைக்கும். கார்டின் மூல ஸ்வரம் அதில் இருக்காது. அதை பேஸ் தந்துவிடும். நான்கு அடிகள் கொண்ட ஒவ்வொரு பாரிலும் இரண்டாவது, நான்காவது அடிகளில் ஒரு வெட்டு, உடனே கையை வைத்து ஒலியை அடக்க வேண்டும். மூன்றாமவருக்குப் பாட்டின் இடைவெளி: நான்கு பார் வரியில் முதல் இரண்டு பாடகருக்கு, மீதி இரண்டு அவருக்கு. பாடும்போது அவர் சும்மா இருக்க வேண்டும். அனுபவஸ்தர்களுக்கு இதுதான் கஷ்டம்.

காலின்ஸின் கிட்டார் கூட்டத்திலும் தனியாகக் கேட்பதற்கு அவர் ஸ்ட்ரிங்குகளுக்கு வைக்கும் சுருதி ஒரு காரணம். ஆறாவது ஸ்ட்ரிங்கிலிருந்து எஃப், சி, எஃப், ஏ ஃப்ளாட், சி, எஃப். கேப்போவை (ஸ்ட்ரிங்குகளை ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) ஐந்து, ஏழு என்று மேலே ஏற்றி, பிக் இல்லாமல் விரலால் சுண்டுவார். அப்படியே முயன்றால் நான்காவதையும் ஐந்தாவதையும் மூன்று அரைஸ்வரம் முறுக்க வேண்டும், அறுந்துவிடலாம். டி, ஏ, டி, எஃப், ஏ, டி என்று வைத்து, கேப்போவை மூன்று ஃப்ரெட் கூட்டிப் போடுங்கள். அவருடைய ஏழு உங்களுக்குப் பத்து.

இன்னொரு வழக்கமான விபத்து இரண்டாவது பாரில் நடக்கும். பாதிப் பேர் டி கார்டுக்குப் போவார்கள், பாதிப் பேர் ஏ-யிலேயே நிற்பார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாலேயே பேசிவிடுங்கள். சோலோ ஆளுக்கு 24 பார், அதாவது பன்னிரண்டு பார் கொண்ட ப்ளூஸ் சுற்று இரண்டு. அடுத்தவருக்குத் தலையசைப்பு கடைசிச் சுற்றின் பதினோராவது பாரில்.

ஆம்ப் (ஒலிபெருக்கி) விஷயத்தில் சோலோ வாசிப்பவர் ஒலியை ஏற்றக் கூடாது, மற்ற இருவரும் கிட்டாரிலேயே குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலாவது பாட்டுக்குள் மூன்று ஆம்பும் உச்ச ஒலியான பத்தில் நிற்கும்.

அடுத்த ஒத்திகைக்கு ஏ-யில் மெதுவான ஷஃபிள் ஒன்று போதும். சோலோ வேண்டாம்.