ட்ரிபிள்-ஈ படிக்கும் மகளுக்குக் காட்டுயிர் ஆசை: பெங்களூரு ராமமூர்த்தி நகர் அப்பாவுக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம்.

ட்ரிபிள்-ஈ, அதாவது மின் பொறியியல் படிக்கும் மகள் ஐடி வேண்டாம், காட்டுயிருக்கும் உதவுகிற மாதிரி உயர்மின் லைன் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள், டவரில் ஏற வேண்டி வருமோ என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பெரிய பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மகள் டவரில் ஏறப் போவதில்லை. ஏறுவதற்குத் தனியாகப் பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். அவள் கேட்பது, டவர் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. ஐடி நேர்காணலுக்கு உட்கார மாட்டேன் என்று அவள் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைப் பிறகு பேசுவோம். ஆனால் ஆசை அர்த்தமில்லாதது இல்லை.

வேலை இப்படி நடக்கிறது. எந்த சப்ஸ்டேஷனிலிருந்து எந்த சப்ஸ்டேஷனுக்கு எத்தனை கிலோவோல்ட் (கேவி) லைன் தேவை என்பதை மத்திய மின்சார ஆணையமும் மத்திய மின் தொடரமைப்பு நிறுவனமும் கணக்குப் போட்டுச் சொல்கின்றன. பெரும்பாலும் அதற்கு டெண்டர் வரும். எடுத்த கம்பெனி வழியைத் தேட வேண்டும். மேப்பில் நேர்கோடு போட்டால் செலவு குறைவுதான். ஆனால் அந்தக் கோட்டில் தென்னந்தோப்பு வரும், ஏரி வரும், யானை வழித்தடம் வரும். அதனால் செயற்கைக்கோள் படத்தில் இரண்டு மூன்று மாற்று வழிகள் போட்டுப் பார்த்து, பிறகு நடந்தே சர்வே செய்வார்கள். 400 கேவி லைன் என்றால் அடியில் சுமார் 46 மீட்டர் அகலத்துக்கு வீடு கட்டக் கூடாது, உயரமான மரம் வளர்க்கக் கூடாது. காட்டுக்குள் போனால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் வன அனுமதிக்கு விண்ணப்பம். சரணாலயத்துக்குள் போனால் தேசிய வனவுயிர் வாரியத்தின் நிலைக்குழு வரை போக வேண்டும்.

லைன் போடும் திட்டங்கள் தாமதமாவது கம்பியாலோ இரும்பாலோ அவ்வளவாக இல்லை, வழியால்தான். கூடங்குளம் மின்சாரத்தைக் கேரளாவுக்குக் கொண்டு போக வேண்டிய எடமண்–கொச்சி லைன் நில உரிமையாளர்களின் எதிர்ப்பால் வருடக்கணக்கில் நின்று, தனி இழப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு 2019இல்தான் முடிந்தது. நம் பக்கத்திலேயே மைசூரு–கோழிக்கோடு 400 கேவி லைன் கொடகுக் காட்டில் மரங்களை வெட்டியபோது எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் பக்கம் புகளூருக்கு வரும் 800 கேவி லைன் வேலை நடந்தபோது கொங்கு விவசாயிகள் உயர்மின் கோபுரங்களை எதிர்த்து உட்கார்ந்தார்கள். இந்த மாதிரிப் போராட்டங்களுக்கெல்லாம் பிறகு 2024 ஜூனில் மத்திய மின் அமைச்சகம் இழப்பீட்டு வழிகாட்டுதலை மாற்றியது. டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், லைன் போகும் பட்டைக்கு 30 சதவீதம். முன்பு 85, 15 என்று இருந்தது. மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அது வயலுக்கு வரும் என்பது வேறு விஷயம்.

“இதையெல்லாம் மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டியதுதானே?” என்று விவசாயியும் கேட்பார், பறவை ஆய்வாளரும் கேட்பார். ராஜஸ்தானில் கானமயிலுக்காக இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. கனமான பறவை, நேர் எதிரே இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாது. பறக்கும்போது கம்பியை அது பார்க்கும் நேரத்துக்குள் விலக முடிவதில்லை. மொத்தமே நூற்றைம்பதுக்குள்தான் மிச்சம் என்று கணிக்கப்படுகிறது. 2021 ஏப்ரலில் அங்கே லைன்களைப் புதைக்கச் சொன்ன நீதிமன்றம், 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி, ஒரு நிபுணர் குழுவிடம் விஷயத்தை ஒப்படைத்தது.

ஏன் தளர்த்த வேண்டி வந்தது? செலவு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் உங்கள் மகள் வகுப்பில் படித்த சமாசாரம்தான். உயர் அழுத்த ஏசி (மாறுதிசை மின்சார) கேபிளை நீளமாகப் புதைத்தால் அது மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டரைப் போல நடந்துகொள்ளும். அனுப்ப வேண்டிய மின்சாரத்துக்குப் பதில் அந்தக் கேபிளை நிரப்பவே ஓடும் சார்ஜிங் கரன்ட் அதன் திறனைத் தின்றுவிடும். டிசியில் (நேர்திசை மின்சாரத்தில்) இந்தச் சிக்கல் கிடையாது. அதனால்தான் புகளூர்–திருச்சூர் டிசி லைனில், இடம் நெருக்கடியான கேரளப் பகுதியில் ஒரு தொலைவுக்கு நிலத்தடி கேபிளே போட முடிந்தது. எங்கே புதைக்கலாம், எங்கே முடியாது, முடியாத இடத்தில் கம்பியில் பறவைக்குத் தெரியும்படி டைவர்ட்டர் மாட்டினால் போதுமா, யானை நடமாடும் இடத்தில் கம்பியை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று இரண்டு பக்கத்திலும் நின்று பேசத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. மின் பொறியாளருக்குப் பறவை தெரியாது, பறவைக்காரருக்கு லோட் ஃப்ளோ, அதாவது எந்த லைனில் எவ்வளவு மின்சாரம் ஓடும் என்கிற கணக்கு தெரியாது. உங்கள் மகள் நிற்க வேண்டிய இடம் இந்த இடைவெளிதான்.

வேலை இருக்குமா என்றால், இருக்கும். 2030க்குள் 500 ஜிகாவாட்டுக்கு மேல் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைக் கட்டமைப்பில் சேர்க்க 2022 டிசம்பரில் மத்திய மின்சார ஆணையம் போட்ட திட்டம் சுமார் 2.44 லட்சம் கோடி ரூபாய்க்கானது. துமகூரு மாவட்டம் பாவகடா சோலார் பார்க் மட்டும் 2,050 மெகாவாட். அந்த வறண்ட நிலத்தில் உற்பத்தியாவதை ஊருக்குள் கொண்டுவர லைன் வேண்டுமே.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டிய திட்டங்களைச் சொல்லும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 2006இன் பட்டியலில் மின் லைன்கள் இல்லை. பொது விசாரணை கட்டாயமில்லை. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி கடன் கொடுத்த திட்டங்களில் ஊர்க் கூட்டம், உயிரியல் ஆய்வு எல்லாம் ஒழுங்காக நடக்கும். லைன் போடும் மத்தியப் பொதுத்துறை நிறுவனமான பவர்கிரிட்டுக்கும் தனியாகச் சுற்றுச்சூழல்–சமூகக் கொள்கை உண்டு. மற்ற இடங்களில் ஆள் எடுப்பார்கள், ஆனால் அவர்கள் எழுதும் அறிக்கை கடைசி நிமிஷ ஒப்புதல் காகிதமாகப் போய்விடும். முதல் வேலையில் உங்கள் மகள் கேட்க வேண்டிய கேள்வி சம்பளம் இல்லை. “வழி முடிவான பிறகு என்னைக் கூப்பிடுவீர்களா, முன்பா?” என்று கேட்கச் சொல்லுங்கள்.

இப்போது என் யோசனை. பி.இ. முடிந்ததும் நேராக வனவுயிர் எம்.எஸ்சி.க்குப் போக வேண்டாம். டேராடூன் வனவுயிர் நிறுவனத்திலும் இங்கே பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையமான என்சிபிஎஸ்ஸிலும் நல்ல படிப்புகள் உண்டு, போட்டி கடுமை, ஓரிரு வருடம் கழித்தும் போகலாம். முதலில் மின்சாரப் பக்கம் கால் ஊன்றட்டும். பிப்ரவரியில் கேட் (GATE) என்கிற பொறியியல் தகுதித் தேர்வை எழுதட்டும். பவர்கிரிட் அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் டிரெய்னி எடுக்கிறது. தென்மண்டல மின் கட்டமைப்பை இயக்கும் மையமும் மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனமான சிபிஆர்ஐயும் நம் ஊரிலேயே இருக்கின்றன, புராஜெக்டுக்கு அங்கே கேட்டுப் பார்க்கலாம். கர்நாடக அரசின் மின் தொடரமைப்பு நிறுவனமான கேபிடிசிஎல் வேண்டும் என்றால் கன்னட மொழித் தேர்வு இருக்கிறது. ராமமூர்த்தி நகரில் வளர்ந்த பெண்ணுக்கு அது பெரிய தடையில்லை. சொல்லப்போனால் கன்னடமும் தமிழும் சரளமாக வருவது, ஊர்க்கூட்டத்தில் எந்தச் சான்றிதழையும்விட உதவும்.

ஐடி விஷயம். வருகிற நேர்காணலுக்கு உட்காரட்டும். கேட் தேர்வு கைகொடுக்காமல் போனால் ஒரு வருடம் கையில் காசு இருக்கும். அந்த வருடத்தில் க்யூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளைக் கற்றுக்கொள்ளட்டும், அது இலவசம். ஏதாவது ஒரு லைனை எடுத்து, காடு, ஏரி, ஊர் அடுக்குகளை வைத்து, இரண்டு மாற்று வழி வரைந்து, ஏன் இது, ஏன் அது இல்லை என்று நான்கு பக்கம் எழுதட்டும். வேலை கேட்டுப் போகும் இடத்தில் மார்க் ஷீட்டை விட அந்த நான்கு பக்கத்தைத்தான் திறந்து பார்ப்பார்கள்.

ஆரம்பச் சம்பளம் கன்சல்டன்சிகளில் ஐடியை விடக் குறைவாகவே இருக்கும், பெரும்பாலும் ஒப்பந்த வேலை. பொதுத்துறையில் சம்பளம் நன்றாக இருக்கும், ஆனால் நாட்டில் எங்கே போடுவார்கள் என்று சொல்ல முடியாது. சர்வே சமயத்தில் வெளியூரில் தங்க வேண்டி வரும். குழுவில் இன்னொரு பெண் உண்டா, தங்குமிடம் யார் ஏற்பாடு என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ளலாம், அதில் கூச்சம் வேண்டாம். கல்யாணத்துக்கு இது தடையாகுமா என்று கேட்டிருந்தீர்கள். அது அவளிடமே பேச வேண்டியது, ஐயா. என்னிடம் பதில் இல்லை. கேட் ரிசல்ட் மார்ச்சில் வரும். அது வந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே வாருங்கள்.