பாட்டுக்குப் பெயரும் படமும் எங்கிருந்து வருகின்றன?

கேள்வி: அப்பச்சி சேர்த்து வைத்த சிடிக்களை எம்பி3 ஆக்கிக் கணினியில் ஏற்றினேன். சிலவற்றுக்குப் பெயரும் அட்டைப்படமும் தானாகவே வந்துவிட்டன. ஒரு நாகஸ்வர சிடிக்கு மட்டும் யாரோ வெள்ளைக்காரப் பாடகியின் படம். கண்ணதாசன் பாட்டுத் தொகுப்பு பத்துப் பதினைந்து ஆல்பமாகச் சிதறிக் கிடக்கிறது. தமிழில் அடித்த பெயர்கள் கார் ஸ்டீரியோவில் கிறுக்கலாக வருகின்றன. எப்படிச் சரிசெய்வது?
- தேவகோட்டை வாசகர்

பதில்: பெரும்பாலான ஆடியோ சிடிக்களில் பாட்டின் பெயரே இருக்காது. எந்தப் பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற பட்டியல் மட்டும் இருக்கும், விநாடியை 75 ஆகப் பிரித்த கணக்கில். அதை வைத்து பிளேயர் ஓர் அடையாள எண்ணை உண்டாக்கி, இணையத் தரவுதளத்தில் தேடும். அதே சிடிக்கு யாராவது பெயர்களை ஏற்றியிருந்தால் கிடைக்கும். இல்லையென்றால் 'டிராக் 01'தான். வேறொரு சிடியின் கணக்கு ஒத்துப்போனால் அதன் பெயரும் படமும் வந்து ஒட்டிக்கொள்ளும். பாட்டு எண்ணிக்கை குறைந்த சிடிக்களில் இது அதிகம் நடக்கும். நாகஸ்வரத்தைக் காது கொடுத்துக் கேட்டா பிளேயர் முடிவு செய்கிறது?

எம்பி3 ஆனபின் விவரம் கோப்புக்குள்ளேயே, ஐடி3 என்ற டேகில், அதாவது விவரச் சீட்டில், உட்காரும். படமும் அதற்குள் இருக்கலாம். இல்லாவிட்டால் பிளேயர் அதே ஃபோல்டரில் 'கவர்' அல்லது 'ஃபோல்டர்' என்ற பெயரில் ஜேபெக் படம் இருக்கிறதா என்று பார்க்கும், அதுவும் இல்லையென்றால் இணையம். எதை முதலில் பார்ப்பது என்பது பிளேயருக்குப் பிளேயர் மாறும். அதனால் படத்தை டேகுக்குள் பதிப்பதே நல்லது.

தொகுப்பு சிதறக் காரணம் 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டம் காலியாக இருப்பது. பாடகர் மாற மாற ஒவ்வொன்றையும் தனி ஆல்பமாகப் பல பிளேயர்கள் எடுத்துக்கொள்ளும். எல்லாப் பாட்டுக்கும் அந்தக் கட்டத்தில் ஒரே சொல்லை, 'பலர்' என்றுகூட, எழுதுங்கள். ஆல்பம் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியில் ஒரு வெற்றிடம் கூடினாலும் இரண்டாகிவிடும். கவிஞர் பெயரைப் பலரும் 'ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் போடுகிறார்கள். அது பாடகருக்கு உரியது. கவிஞருக்கு 'லிரிசிஸ்ட்' என்று தனிக் கட்டம் உண்டு.

இனி கிறுக்கல். பழைய ஐடி3 முதல் பதிப்பு கோப்பின் கடைசி 128 பைட்டுகளில் இருக்கும். பெயருக்கு 30 பைட்டுதான் இடம். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்கும் அதன் மேல் ஏறும் குறிக்கும் தனித்தனியே 3 பைட் வேண்டும். கவிஞரின் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: சிறுகூடல்பட்டிக்கு 42 பைட். அங்கே எழுதினால் 'சிறுகூடல்ப' என்று நின்றுவிடும். தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'வும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வந்தால், யுடிஎஃப்-8 தமிழை ஸ்டீரியோ ஐரோப்பிய எழுத்தாகப் படிக்கிறது என்று பொருள். வெறும் கட்டங்கள் வந்தால் அதில் தமிழ் எழுத்துரு இல்லை. டேகை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. காருக்கான பென் டிரைவில் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துவிடுங்கள்.

திருத்த விண்டோஸில் 'எம்பி3டேக்' என்ற இலவச மென்பொருள் போதும். முதலில் ஃபோல்டரை நகலெடுத்து வையுங்கள். ஆப்ஷன்ஸ், டேக்ஸ், எம்பெக் போய், எழுதும் பகுதியில் ஐடி3வி1 (மேலே சொன்ன முதல் பதிப்பு) டிக்கை எடுத்துவிட்டு 'ஐடி3வி2.3 யுடிஎஃப்-16' தேர்ந்தெடுங்கள். பழைய வி1 டேகையும் நீக்க வேண்டுமானால் அழிக்கும் பகுதியில் அதற்கு மட்டும் டிக் இருக்கட்டும். பின்பு டேகை நீக்கும் கட்டளையைக் கொடுங்கள். ஒரு ஆல்பத்தின் பாட்டுகள் அனைத்தையும் கன்ட்ரோல்+ஏ போட்டுப் பிடித்து, ஆல்பம், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் நிரப்புங்கள். இடதுபக்கப் படக் கட்டத்தில் ரைட் கிளிக் செய்து தவறான படத்தை நீக்கி, சரியானதைச் சேர்த்து, கன்ட்ரோல்+எஸ். லிரிசிஸ்ட் கட்டம் ஆல்ட்+டி அழுத்தினால் வரும் ஜன்னலில் சேர்க்கலாம்.

சிடி அட்டையை நீங்களே ஸ்கேன் செய்து 500க்கு 500 பிக்சல், 100 கேபிக்குள் ஜேபெக்காகச் சேமியுங்கள். 'புரோகிரசிவ்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்; கணினியில் தெரியும் படம் காரில் தெரியாமல் போவதற்குப் பல நேரம் அதுதான் காரணம்.

விண்டோஸ் மீடியா பிளேயர் வைத்திருந்தால், ஆப்ஷன்ஸில் லைப்ரரி பகுதிக்குப் போய் இணையத்திலிருந்து கூடுதல் தகவல் எடுக்கும் டிக்கை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வைத்த படத்தின் மேல் தன் படத்தை எழுதிவிடக்கூடும். செல்போனில் திருத்திய பிறகும் பழைய பாடகியே சிரித்துக்கொண்டிருந்தால், அந்த மியூசிக் ஆப்பின் கேஷை (அது தற்காலிகமாகச் சேமித்து வைத்த தகவலை) அழித்துவிட்டுத் திறந்து பாருங்கள்.