அந்த நாயை நான் வாங்கிக்கொள்ளட்டுமா?

கேள்வி: வேலைக்குப் போகும் வழியில், பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டடத்தின் படியோரம் ஒரு பெரியவர் படுத்திருப்பார். கூடவே ஒரு பழுப்பு நாய். மழை வந்தால் தன் போர்வையை எடுத்து அதற்குத்தான் போர்த்துவார். ஒரு வாரமாக நாய் பின்னங்காலை ஊன்றாமல் நொண்டுகிறது. பார்த்தும் பாராமல் போக மனசு கேட்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து, நாயை வாங்கி என் வீட்டில் வளர்க்கட்டுமா? "தனக்கே வழியில்லாதவருக்கு நாய் எதற்கு?" என்கிறார் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், அம்மா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: யாரோ ஒருவருடைய நாயின் கால் ஒரு வாரமாக உங்களைத் தூங்க விடவில்லை என்றால், அது நல்ல மனசு. ஆனால் நாயை வாங்க வேண்டாம்மா.

அதைப் பிரித்துவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சும்? ராத்திரி யாராவது பக்கத்தில் வந்தால் முதலில் குரைப்பது அதுதான். நாயின் உடல் சூடு 38, 39 டிகிரி செல்சியஸ் இருக்கும். நம்மைவிட ஓரிரு டிகிரி கூடுதல். குளிரில் அதை அணைத்துக்கொண்டு படுப்பவருக்கு அந்தச் சூடு எவ்வளவு பெரிய விஷயம்! நாளெல்லாம் ஒருவரும் முகம் பார்த்துப் பேசாத மனிதரைத் தேடி வாலாட்டிக்கொண்டு வருவது அந்த ஒரு ஜீவன்தான். நாய்க்கும் அவர் படுத்திருக்கும் இடம்தான் வீடு.

உங்கள் கணவர் கேட்டதைப் பலரும் கேட்கிறார்கள். வீடில்லாதவர்களுக்கான தங்கும் விடுதிகள் பல, வளர்ப்புப் பிராணிகளைச் சேர்ப்பதில்லை. "நாயை விட்டுவிட்டு வா" என்றால் வாசலோடு திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. கிடைக்கவிருந்த படுக்கையை அந்த உயிருக்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கே வருகிறார்கள். அப்படிப்பட்டவரிடம் "உனக்கு நாய் எதற்கு" என்று கேட்க எனக்கு வாய் வராது.

நானும் ஒரு தப்பு செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், தெருவில் இருந்த ஒருவரின் நாய்க்குச் சொறி என்று இருவரையும் கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே சீட்டு எழுதியவர் "உரிமையாளர் பெயர்?" என்றதும், பணம் கட்டுவது நான்தானே என்று என் பெயரைச் சொல்லிவிட்டேன். தடுப்பூசி அட்டையை அவரிடம் நீட்டினேன். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். "இது என் நாய்தானே?" என்று மட்டும் கேட்டார். எனக்கு முகமே இல்லாமல் போயிற்று. திரும்ப உள்ளே போய், என் பெயரை அடித்து அவர் பெயரை எழுதி வாங்கி வந்தேன். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் எப்போது பார்த்தாலும் அந்த அட்டையின் முனை பையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும்.

சரி, நாளைக் காலை கொஞ்சம் முன்னதாகக் கிளம்புங்கள். முதலில் அவரிடம் பேசுங்கள், நாயிடம் அப்புறம். "ஐயா, இதுக்குக் கால்ல என்ன?" அவ்வளவு போதும். நீங்களாக நாயைத் தொடாதீர்கள், வலியில் இருக்கும் நாய் சாதுவாக இருந்தாலும் கடித்துவிடும். அவர் பிடித்துக்கொண்டு பாதத்தைப் பார்க்கட்டும். கண்ணாடிச் சில்லு, முள், விரல் இடுக்கில் உண்ணி, வளைந்து சதைக்குள் போன நகம் என்று ஏதாவது இருக்கலாம். ஒன்றும் தெரியாவிட்டாலும், ஒரு வாரமாகிவிட்டதால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். வலிக்கிறதே என்று நம் வீட்டு மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் ஈரலுக்கு ஆபத்து.

அங்கேயே வெறிநாய்க்கடி தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். அந்த நோய் அறிகுறி காட்டிய பிறகு மனிதரோ நாயோ பிழைப்பது அநேகமாக இல்லை. ஊசி போட்ட நாய் என்று தெரிந்தால், அவரை விரட்டுகிற அக்கம்பக்கத்தாரும் சற்று அடங்குவார்கள். தப்பித் தவறிப் பல் பட்டுவிட்டால், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மூட்டை முடிச்சை விட்டு வர அவர் பயப்படலாம், அது நியாயமான பயம். அப்படியானால் மருத்துவர் யாராவது அங்கே வருவாரா என்று விசாரியுங்கள். பிரிட்டனில் 2016-இல் இரண்டு கால்நடை மருத்துவர்கள் இப்படித்தான் மருந்துப் பையோடு தெருவுக்கே போய் இலவசமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். அது இன்று ஸ்ட்ரீட்வெட் என்ற அமைப்பாக வளர்ந்திருக்கிறது.

சாப்பாடு கொண்டுபோனால் இருவருக்கும் தனித்தனியாகக் கட்டிக்கொண்டு போங்கள். ஒரே பொட்டலமாக இருந்தால் அவர் பங்கும் நாய்க்கே போய்விடும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எதுவும் நாய்க்கு ஆகாது. கைப்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும். அவர்களைப் படமெடுத்து நாலு பேருக்குக் காட்ட வேண்டாம்.

நாயை வாங்க நினைத்த பணத்தை வைத்தியச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு எழுதுகிறவர் பெயர் கேட்கும்போது நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள், அவரே சொல்லட்டும்.